எதன் நிமித்தம் இந்தப் பகை?

வாசகியின் கடிதம் (சுருக்கமாக):

"ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இயேசுவை ஏற்றுக்கொண்டேன். அதிலிருந்து அலுவலகத்தில் எல்லாரும் என்னை ஒதுக்குகிறார்கள். எங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் வசனம் அனுப்பிவந்தேன். ஒரு நாள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். தோழி ஒருத்தியின் தந்தை இறந்தபோது, இரட்சிக்கப்படாமல் போய்விட்டாரே என்ற பாரத்தில் அன்றே அவளிடம் அதைச் சொன்னேன். அவள் இன்றுவரை என் முகம் பார்ப்பதில்லை. பொய்யான ஒரு பயணச் செலவுப் பட்டியலில் கையெழுத்துப் போட மறுத்ததிலிருந்து மேலாளருக்கும் என்னைப் பிடிக்காது. பதவி உயர்வில் என் பெயர் விடுபட்டது பற்றிக் கேட்டதற்கு, 'உன் ஜெபக்கூட்டத்தில் போய்க் கேள்' என்று எல்லார் முன்னிலும் சொன்னார். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். என் போதகரோ, 'உலகம் பகைத்தால் நீ சரியான வழியில் போகிறாய் என்று பொருள், சந்தோஷப்படு' என்கிறார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. என் விசுவாசம் குறைந்துபோயிற்றா? இவற்றையெல்லாம் வாய் திறக்காமல் சகிக்கத்தான் வேண்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

இங்கே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் கடிதம் உண்மையில் நான்கு பக்கம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்டதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பொய்ப் பட்டியலில் கையெழுத்துப் போட மறுத்ததைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் போகிற போக்கில். நான் அந்த ஒரு வரியில்தான் நின்றுவிட்டேன். இரண்டு முறை படித்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அந்த வரியைச் சுற்றியே இருக்கிறது.

உங்கள் போதகர் சொன்னதற்கு வேதத்தில் ஆதாரம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. "உலகம் உங்களைப் பகைத்தால், அது உங்களைப் பகைக்கிறதற்கு முன்னே என்னைப் பகைத்ததென்று அறியுங்கள்" என்று ஆண்டவர் தம் சீஷர்களிடம் சொன்னார். தேவபக்தியாய் நடக்க மனதாயிருக்கிற யாவரும் துன்பப்படுவார்கள் என்று பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதினார். ஆனால் பக்தியாய் நடந்தால் பகை வரும் என்பது ஒன்று. பகை வந்தாலே பக்தியாய் நடக்கிறோம் என்பது வேறொன்று. மழை பெய்தால் தரை நனையும். தரை நனைந்திருப்பதெல்லாம் மழையால் அல்ல.

மலைப்பிரசங்கத்தின் அந்த வசனத்தை மெதுவாகப் படியுங்கள். "என்னிமித்தம் உங்களை நிந்தித்துத் துன்பப்படுத்தி, பலவித தீமையான மொழிகளையும் உங்கள்பேரில் பொய்யாய்ச் சொல்வார்களானால் பாக்கியவான்களாயிருப்பீர்கள்." இதில் இரண்டு சொற்கள் வாசலில் காவல் நிற்கின்றன: "என்னிமித்தம்", "பொய்யாய்". நம்மைப் பற்றிச் சொல்லப்படும் தீமையான மொழி உண்மையாக இருந்துவிட்டால், அந்த வாசல் வழியாக நாம் உள்ளே போக முடியாது. பேதுரு இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார். கொலைபாதகன், திருடன், பொல்லாங்கு செய்தவன் என்று அடுக்கிக்கொண்டே போய், அதே வரிசையில் "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவன்" என்றும் சேர்க்கிறார். இவர்களில் ஒருவனாகப் பாடுபடக் கூடாது என்கிறார். கொலைகாரனுக்குப் பக்கத்தில் அழையாத இடத்தில் மூக்கை நுழைப்பவனை நிறுத்தியிருக்கிறாரே என்று இளவயதில் நான் வியந்ததுண்டு. பல வருடம் சபை ஊழியம் செய்த பிறகு எனக்கு அந்த வியப்பு இல்லை. சுவிசேஷத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவதில் கொலைகாரர்களைவிட நம்மைப் போன்றவர்களே அதிகம்.

என் கதையையே சொல்கிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டுப் பெரியவரோடு ஒரு மணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் எழுந்து கதவைக் காட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரசங்கப் பீடத்தில் சாட்சியாகச் சொன்னேன்: கிறிஸ்துவுக்காக வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டேன் என்று. சபையார் அல்லேலூயா சொன்னார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்து அதே பெரியவரை ஒரு மருத்துவமனை வரிசையில் சந்தித்தேன். அவருக்கு என்னை நினைவிருந்தது. "தம்பி, அன்றைக்கு உங்கள் சாமியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னை ஒரு வார்த்தை பேச விட்டிருந்தால் உட்கார வைத்துக் கேட்டிருப்பேன்" என்றார். பத்து ஆண்டுகளாக நான் மார்பில் குத்திக்கொண்டு திரிந்த பதக்கம் பொய் என்று அன்று தெரிந்தது. கிறிஸ்துவின் பெயரால் ஒரு பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறேன் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

ஆகவே உங்கள் கடிதத்தில் ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பதைப் பிரித்துப் பார்ப்போம். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது வேலை விஷயங்களுக்கான குழு. அதில் தினமும் ஒருவர் தம் கட்சிக் கொள்கையை அனுப்பினாலும், தம் வியாபார விளம்பரத்தை அனுப்பினாலும் நீக்கியிருப்பார்கள். உங்கள் கடிதத்திலேயே, அதற்கு முன் இரண்டு பேர் தனியாக வந்து "இங்கே வேண்டாமே" என்று கேட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீக்கப்பட்டது வசனம் அல்ல, வேண்டாம் என்ற பிறகும் நிற்காத பழக்கம். இதை உபத்திரவக் கணக்கில் எழுதாதீர்கள். தம் விசுவாசத்துக்காகச் சிறையில் கிடப்பவர்களும், தூக்கிலிடப்பட்டவர்களின் பிள்ளைகளும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கென்று அதன் கனத்தை நாம் காத்துவைக்க வேண்டும்.

தோழியின் காரியம் இதைவிடப் பெரிது. பாரத்தோடு சொன்னேன் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் தந்தையின் உடல் வீட்டில் கிடக்கும்போது, அவர் நித்தியத்தில் எங்கே இருக்கிறார் என்ற தீர்ப்பை மகளின் காதில் சொல்லும் பொறுப்பை யார் உங்களிடம் கொடுத்தது? லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் ஆண்டவர் மரியாள் அழுகிறதைக் கண்டு கண்ணீர்விட்டார். சில நிமிடங்களில் அவனை எழுப்பப் போகிறவர் அவர். அப்படியிருந்தும் முதலில் அழுதார். உங்கள் தோழி உங்களை ஒதுக்குவது கிறிஸ்துவின் நிமித்தம் அல்ல. கிறிஸ்து செய்ததை நீங்கள் செய்யாமல் போனதன் நிமித்தம்.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

பொய்ப் பட்டியலில் கையெழுத்துப் போட மறுத்தீர்கள். வேறு யாரும் மறுக்கவில்லை என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அந்த மேசை எனக்குத் தெரிகிறது: பட்டியல் உங்கள் முன்னால் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது, மேலாளர் பக்கத்தில் நிற்கிறார், எல்லாரும் தங்கள் திரையைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்க்கிறார்கள். ஒரு கையெழுத்துதான். நீங்கள் போடவில்லை. "நீதியினிமித்தம் துன்பப்படுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்ற வசனம் இந்த மேசைக்குத்தான் பொருந்தும். இங்கே நீங்கள் வசனம் அனுப்பவில்லை, யாருக்கும் போதிக்கவில்லை, உங்கள் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் சாட்சி என்ற சொல்லின் முழுப் பொருளில் சாட்சி சொன்னீர்கள். இதற்காக வந்த வெறுப்பு கௌரவமான வெறுப்பு. இதை எதற்குக் கடிதத்தின் மூலையில் ஒளித்துவைத்தீர்கள்? ஒருவேளை இது விசுவாசத்துக்கு வந்த சோதனை என்றே உங்களுக்குத் தோன்றவில்லையோ? உபத்திரவம் என்றால் யாராவது இயேசுவின் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டும் என்று நமக்குப் பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

பேதுருவின் முதலாம் நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்று அதன் முதல் வசனத்தைப் பாருங்கள். அந்த இடங்களில் ஒன்று பித்தினியா. அதே பித்தினியாவை உள்ளடக்கிய மாகாணத்துக்கு 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளினி என்ற ரோம ஆளுநர் வந்தார். ஏறக்குறைய 112-ஆம் ஆண்டில் அவர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை என்ன செய்வது என்று கேட்கிறார். அந்தப் பெயருக்காகவே தண்டிப்பதா, அல்லது அந்தப் பெயரோடு சேர்ந்த குற்றங்களுக்காகத் தண்டிப்பதா என்பது அவர் குழப்பம். குற்றம் என்னவென்று கண்டுபிடிக்க விசாரித்துப் பார்க்கிறார். அவருக்குக் கிடைத்தது இதுதான்: இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், கொடுத்த வாக்கை மீறமாட்டோம், நம்பி ஒப்படைத்ததைக் கேட்கும்போது இல்லையென்று சொல்லமாட்டோம் என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள். இன்னும் ஏதாவது இருக்குமோ என்று இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் பார்க்கிறார். எல்லை மீறிய மூடநம்பிக்கை என்று அவர் எண்ணியதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

பகைவனின் கையாலேயே எழுதப்பட்ட நற்சான்று அது. பெயரைத் தவிர வேறு குற்றம் இல்லை! உங்கள் மேலாளரின் கோப்பில் உங்களுக்கு எதிராக இருக்கும் தாள் அந்தக் கையெழுத்திடாத பட்டியல் மட்டுமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! குழுவில் போட்ட வசனங்களும் துக்க வீட்டில் சொன்ன சொல்லும் அதோடு சேர்ந்துவிட்டதால்தான், நேர்மைக்காக நின்ற உங்களைப் பார்க்கிறவர்கள் "அவள் எப்போதும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போக முடிகிறது. எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம்.

அடுத்து, சகிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி. வேண்டியதில்லை. பதவி உயர்வு பற்றிக் கேட்டவரிடம் எல்லார் முன்னிலும் அவர் வழிபாட்டைச் சொல்லி ஏளனம் செய்வது அநியாயம்; அதை அநியாயம் என்று சொல்வது விசுவாசக் குறைவு அல்ல. மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே ஆண்டவர், பிரதான ஆசாரியன் முன்பாகச் சேவகன் ஒருவன் அவரை அறைந்தபோது என்ன சொன்னார்? "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்?" (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, ஆனால் ஏன் என்று கேட்டார். தம்மேல் குற்றம் இருந்தால் காட்டச் சொல்கிறார். இல்லையென்றால் அடித்தவன் பதில் சொல்ல வேண்டும் என்கிறார். உங்கள் புகார் மனுவுக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பவுலும் அப்படித்தான் நடந்தார். வாரினால் அடிக்கக் கட்டியபோது, விசாரிக்கப்படாத ரோமக் குடிமகனை அடிப்பது நியாயமா என்று நூற்றுக்கு அதிபதியிடம் கேட்டார். பிலிப்பி சிறையிலிருந்து இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார். கடைசியில் இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, அபயமிட்டு முறையிட்டார். தமஸ்குவில் மட்டும் கூடையில் இறங்கித் தப்பினார். எல்லா இடத்திலும் ஒரே வழி இல்லை என்பதையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எனவே நடந்ததை எழுதுங்கள். எந்தத் தேதி, என்ன வார்த்தை, யார் யார் இருந்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். உங்கள் வருத்தத்தை அதில் கலக்காதீர்கள். பட்டியல் விவகாரத்தைத் தனியாகவும் ஏளனத்தைத் தனியாகவும் எழுதுங்கள். நிறுவனத்தில் புகார் கேட்கும் பொறுப்பில் இருப்பவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். தேவைப்பட்டால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரம் ஒவ்வொரு மனிதருக்கும் உண்டு என்று 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு உங்கள் மேலாளரின் நம்பிக்கைக்கும் உண்டு, எந்த நம்பிக்கையும் இல்லாத உங்கள் சக ஊழியருக்கும் உண்டு. கிறிஸ்தவருக்கு மட்டும் கேட்கும் நியாயம் நியாயமாகாது.

இதைச் சொல்லும்போது வரலாற்றின் ஒரு பக்கத்தை மறைக்க எனக்கு மனமில்லை. 303-இல் ரோமப் பேரரசர் டயோக்ளேஷியன் காலத்தில் நம் முன்னோரின் வேத ஏடுகளை எரித்தார்கள். 313-இல் சுதந்திரம் கிடைத்தது. அதிலிருந்து முக்கால் நூற்றாண்டு நிறைவதற்குள், 385-ஆம் ஆண்டை ஒட்டி, பிரிசில்லியன் என்ற ஆயர் சக ஆயர்கள் தொடுத்த வழக்கின் முடிவில், கிறிஸ்தவப் பேரரசன் ஒருவனின் உத்தரவால் தலை வெட்டப்பட்டார். தூர் நகர ஆயர் மார்ட்டின் வேண்டாம் என்று மன்றாடியும் பலன் இல்லை. துன்பப்பட்டவர்கள் என்ற நினைவு நம்மை இரக்கமுள்ளவர்களாக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. அந்த நினைவை மனக்கசப்போடு வளர்த்தால் அது வேறொன்றாக வளர்ந்துவிடும்.

உங்கள் கோபத்தைப் பற்றி. கோபம் வருவதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அப்போஸ்தலர்கள் அடிபட்ட பின் சந்தோஷமாய்ப் புறப்பட்டுப் போனார்கள் என்று படிக்கிறோம். பவுலோ, ஆசியாவில் தங்கள் பலத்திற்கு மிஞ்சின பாரம் உண்டாகி, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்றும் எழுதியிருக்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தில் கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து "எதுவரைக்கும்" என்று சத்தமிடுகின்றன. பரலோகத்திலேயே அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது. சந்தோஷப்படு என்று ஒருவர் கட்டளையிட்டு வருகிற சந்தோஷம் முகத்தோடு நின்றுவிடும். கோபத்தை ஜெபத்தில் கொட்டுங்கள், சங்கீதக்காரன் கொட்டியதுபோல. மேலாளரின் பெயரைச் சொல்லியே கொட்டுங்கள். சில நாள் கழித்து அதே பெயரை வேறு தொனியில் சொல்ல வரும்.

அதற்கு ஒரு வயதானவரின் கதை எனக்கு உதவியிருக்கிறது. 2-ஆம் நூற்றாண்டில் சிமிர்னாவின் ஆயராக இருந்தவர் பாலிகார்ப். அவர் மரணத்தைப் பற்றி அந்தச் சபையார் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் முதலில் குயின்டஸ் என்ற ஒருவன் வருகிறான். தானாகவே போய்த் தன்னை ஒப்புக்கொடுத்தவன். மற்றவர்களையும் அப்படிச் செய்யத் தூண்டியவன். தன்மேல் ஏவப்படவிருந்த மிருகங்களைக் கண்டதும் பயந்து, விசுவாசத்தைக் கைவிட்டுப் பலி செலுத்திவிட்டான். தாமாகப் போய் மாட்டிக்கொள்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை, சுவிசேஷம் அப்படிக் கற்பிக்கவில்லை என்று சபையார் அந்தக் கடிதத்தில் எழுதிவைத்தார்கள். பாலிகார்ப்போ நண்பர்கள் கேட்டுக்கொண்டபடி நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்கு ஒதுங்கினார். அங்கேயும் தேடி வந்தார்கள். மாடியில் இருந்தவர் இறங்கி வந்தார். பிடிக்க வந்தவர்களுக்கு வேண்டிய மட்டும் உண்ணவும் குடிக்கவும் கொடுக்கச் சொன்னார். தனக்கு ஜெபிக்க ஒரு மணி நேரம் மட்டும் கேட்டார். நின்றபடி இரண்டு மணி நேரம் ஜெபித்தார், தன் வாழ்நாளில் சந்தித்த சிறியோர் பெரியோர் எல்லாரையும் நினைத்து. இப்படிப்பட்ட முதியவரைப் பிடிக்கவா வந்தோம் என்று வந்தவர்களில் பலர் வருந்தினார்கள்.

ரோமர் 12-இல் அடுத்தடுத்த இரண்டு வசனங்கள்: "அந்நியரை உபசரிக்க நாடுங்கள். உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள்." மூல கிரேக்கத்தில் "நாடுங்கள்" என்பதற்கும் "துன்பப்படுத்துகிறவர்கள்" என்பதற்கும் வினைச்சொல் ஒன்றே: துரத்துதல். அவர்கள் உங்களைத் துரத்துகிறார்கள். நீங்கள் உபசரிப்பைத் துரத்துங்கள் என்பதுபோல் இருக்கிறது. பாலிகார்ப் அந்த இரண்டு வசனங்களையும் ஒரே பந்தியில் பரிமாறிவிட்டார்.

அண்ணனைப் பற்றி அதிகம் எழுதவில்லை நீங்கள். எனவே நானும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: தங்கையை இழந்துவிட்டோம் என்ற பயம் பல வீடுகளில் கோபத்தின் குரலில்தான் பேசும். இயேசுவின் இனத்தாரே அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று பிடித்துக்கொண்டு போக வந்தார்கள். அவருடைய சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் எழுதுகிறார். அதே சகோதரர்கள் அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் மேல்வீட்டறையில் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். இடையில் ஆண்டவர் அவர்களோடு வாதாடி ஜெயித்ததாக நான் எங்கும் படித்ததில்லை. அண்ணனுக்குப் போன் செய்யுங்கள். உடல்நிலையைக் கேளுங்கள், பிள்ளைகளின் படிப்பைக் கேளுங்கள், வேறெதுவும் வேண்டாம். எடுக்காவிட்டால் அடுத்த வாரமும் செய்யுங்கள்.

புகார் மனுவைக் கொடுப்பதற்கு முன் தோழியிடம் போங்கள். எந்த விளக்கமும் வேண்டாம். "உன் அப்பா இறந்த அன்று நான் சொன்னது தவறு. உன் துக்கத்தில் உன்னோடு உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் பேசிவிட்டேன். மன்னித்துவிடு" என்று சொல்லுங்கள். "ஆனால்" என்ற சொல் அதற்குப் பின் வரக் கூடாது. வசனம் எதுவும் வேண்டாம். அவளுக்கு அப்பாவைப் பற்றிப் பேசத் தோன்றினால், அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டு, அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால், அந்தத் துக்கத்துக்கு அவளுக்கு உரிமை உண்டு, திரும்ப வற்புறுத்தாதீர்கள்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பொய்ப் பட்டியல் உங்கள் மேசைக்கு வந்த நாளைப் பற்றியும், இந்த முறை ஒரு வரியில் இல்லாமல், முழுதாக எழுதுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்